பழைய எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவது எப்படி?

இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட எம்ஜிபி கார்கள் தயாரிக்கப்பட்டதால், பிரிட்டனில் அவை இன்றும் தாராளமாக விற்பனைக்கு வருகின்றன; ஆகவே, கண்ணில் பட்ட முதல் காருக்கே முன்பணம் கொடுக்கத் தேவையில்லை. 1974-இன் பிற்பகுதியில் வந்த ரப்பர் பம்பர் கார்களைவிட, குரோம் பம்பர் கொண்ட முந்தையவற்றுக்கே விலை அதிகம். ஓட்டி மகிழ மட்டும் வாங்குபவருக்கு அந்தக் கூடுதல் விலை வீண் என்பது என் கருத்து.

1798 சிசி எஞ்சினுக்கு உதிரி பாகங்கள் எளிதில் கிடைக்கும் என்பதால் அதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். செலவு வைப்பது துருதான். கூரையில்லாத ரோட்ஸ்டரில் கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதியே உடலைத் தாங்குவதால், கதவை மூடிவிட்டு அதன் பின்விளிம்பு இடைவெளியைப் பாருங்கள். அது மேலே குறுகிக் கீழே அகன்றிருந்தால் உடல் தொய்ந்திருக்கக்கூடும். சில்லில் சிறு காந்தத்தை நகர்த்தும்போது அது ஒட்டாத இடத்தில், பெயிண்டுக்கு அடியில் பட்டி பூசப்பட்டிருக்கலாம்.

பதிவெண்ணைக் கொண்டு பிரிட்டன் அரசு இணையதளத்தில், கார் சாலையில் ஓடத் தகுதியானதா என ஆண்டுதோறும் பார்க்கும் எம்ஓடி சோதனையின் பழைய முடிவுகளை இலவசமாகப் படிக்கலாம். நாற்பது ஆண்டு கடந்த கார்களுக்குப் பெரும்பாலும் அச்சோதனையிலிருந்து விலக்கு உண்டு என்பதால், அண்மைப் பதிவுகள் இல்லாமலிருப்பதை மட்டும் குறையாகச் சொல்லி விலையைக் குறைக்க முடியாது. வெல்டிங் வேலைக்குப் பட்டறையில் எழுத்தில் வாங்கிய மதிப்பீட்டை விற்பவரிடம் காட்டி, அந்தத் தொகையைக் கழிக்கச் சொல்லுங்கள். திறந்த காரைத் தேடுவோர் குறையும் குளிர்காலத்தில் இந்தப் பேரம் எளிதாகப் படியும்.