நைரோபியில் ஆன்லைன் துணிக் கடை: கிகொம்பா சந்தையிலிருந்து வாட்ஸ்அப் வரை

"ஆப்பிரிக்காவில் ஆன்லைனில் துணி விற்கலாமா?" என்று யாராவது கேட்டால், "எந்த நாட்டில்?" என்றுதான் திருப்பிக் கேட்பேன். அங்கே 54 நாடுகள். நைஜீரியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் பழைய துணியை வியாபாரத்துக்கு இறக்குமதி செய்யத் தடை இருக்கிறது. ருவாண்டா 2016-ல் பழைய துணிக்கான வரியைக் கிலோவுக்கு 20 சென்ட்டிலிருந்து இரண்டரை டாலராக ஏற்றியது. கென்யாவிலோ அதே துணி சந்தைக்குச் சந்தை மலையாகக் குவிந்து கிடக்கிறது. ஆகவே இந்தப் பதிவு நைரோபிக்கு மட்டும்.

நான் வியாபாரி இல்லை. நைரோபியில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்மணி இந்தத் தொழிலைத் தொடங்கியபோது கூட நின்று கணக்கு நோட்டு எழுதிக் கொடுத்தவன். சுவாஹிலியில் தாயை அவர் பிள்ளையின் பெயரோடு 'மாமா' சேர்த்துக் கூப்பிடுவார்கள். அப்படியே எழுதினால் நீங்கள் தாய்மாமனைத் தேடுவீர்கள். அதனால் 'அக்கா' என்றே சொல்கிறேன்.

முதலில் காகித வேலை

கென்யக் குடிமக்களுக்கு இது எளிது. அரசின் ஈ-சிட்டிசன் இணையதளத்தில் கடைப் பெயரைப் பதிவு செய்யலாம். வரித்துறை தரும் 'பின்' (PIN), அதாவது வரி கட்டுபவரின் அடையாள எண் வேண்டும். ஆண்டு விற்பனை 10 லட்சம் ஷில்லிங்கைத் தாண்டி இரண்டரைக் கோடிக்குள் இருந்தால் விற்றுமுதல் வரி கட்ட வேண்டும். 2023-ல் அதை 1 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாக்கினார்கள். இது லாபத்தின் மேல் அல்ல, மொத்த விற்பனையின் மேல் விழும் வரி. விலை வைக்கும்போது இது நினைவில் இருக்கட்டும்.

நம் ஊரிலிருந்து போயிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கணவர் அல்லது மனைவியின் வேலையை நம்பி, சார்ந்திருப்போர் அனுமதியில் இருப்பவர்கள் அதை வைத்துக் கடை நடத்த முடியாது. வெளிநாட்டவர் சொந்தத் தொழில் செய்யக் கேட்கும் ஜி வகுப்பு அனுமதிக்குக் குறைந்தது 1,00,000 அமெரிக்க டாலர் முதலீடு காட்ட வேண்டும். 'வாட்ஸ்அப்பில் தானே விற்கிறேன், யாருக்குத் தெரியப் போகிறது' என்று இறங்காதீர்கள்.

எதை விற்பது?

மூன்று வழி இருக்கிறது. பியாஷாரா தெருவிலும் மற்ற இடங்களிலும் கிடெங்கே என்ற பளிச்சென்ற அச்சுப் பருத்தித் துணி வாங்கி, 'ஃபுண்டி' என்று அழைக்கப்படும் தையல்காரரிடம் கொடுத்துத் தைத்து விற்கலாம். ஈஸ்ட்லீ பகுதியில் புதுத் துணியை மொத்த விலைக்கு எடுக்கலாம். இல்லையென்றால் மிடும்பா, அதாவது வெளிநாட்டிலிருந்து மூட்டையாக வரும் பழைய துணி. குறைந்த முதலீட்டில் தொடங்க மிடும்பாதான் சரி. ஆன்லைன் கடைக்காரர்கள் இதையே 'த்ரிஃப்ட்' என்று சொல்லிக் கொஞ்சம் கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். பெயரில் என்னமோ இருக்கிறது!

எல்லாவற்றையும் விற்க ஆசைப்படாதீர்கள். அக்கா எடுத்த முடிவு: பெண்கள் அலுவலகத்துக்குப் போடும் கவுன், அவ்வளவுதான். ஒரே வகையைத் திரும்பத் திரும்பப் பார்க்கும்போது கை துணியைத் தொட்டதுமே தரம் சொல்லிவிடும்.

கிகொம்பாவில் வாங்குவது

கிகொம்பா நைரோபியின் மிகப் பெரிய பழந்துணிச் சந்தை. விடியற்காலையில் போக வேண்டும், மூட்டை பிரிக்கிற நேரத்தில். பிளாஸ்டிக் உறையில் பட்டை போட்டு இறுக்கிக் கட்டிய மூட்டை, பெரும்பாலும் 45 கிலோ. பட்டையை அறுத்ததும் துணி பொங்கி வெளியே வரும், சுற்றி நிற்பவர்கள் கை நீட்டுவார்கள். முதல் பொறுக்கில் வரும் நல்ல சரக்குக்குச் சந்தையில் 'கேமரா' என்று பெயர். கடைசியில் கூட்டி அள்ளும் கழிசல் 'ஃபாகியா'. சுவாஹிலியில் அந்தச் சொல்லுக்குப் பெருக்குவது என்றே பொருள்.

தொடக்கத்தில் முழு மூட்டை வாங்கவே வாங்காதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்த பிறகுதான் தெரியும். பாதி கழிசலாக இருந்தாலும் பணம் திரும்பாது. கேமரா சரக்கில் பத்து, இருபது உடைகளை மட்டும் கையால் பொறுக்குங்கள். விலை கூடத்தான், ஆனால் நீங்கள் பார்த்து எடுத்த சரக்கு.

பொறுக்கும்போது அக்குள், காலர் உட்புறம், ஜிப் என்ற மூன்று இடங்களைப் பாருங்கள். கறை முன்பக்கத்தில் இருப்பது அபூர்வம், அக்குளில்தான் ஒளிந்திருக்கும். ஜிப்பை மேலும் கீழும் இரண்டு முறை ஓட்டுங்கள். துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் பொட்டு ஓட்டை தெரியும். 'பேய் யா ம்விஷோ?', அதாவது கடைசி விலை என்ன, என்று கேட்கப் பழகிக்கொள்ளுங்கள்.

அளப்பது: இதில் அவசரம் கூடாது

இந்தத் தொழிலில் நல்ல பெயர் வாங்குவதும் கெடுத்துக்கொள்வதும் இஞ்ச் டேப்பில்தான். மூட்டைத் துணி பல நாடுகளிலிருந்து வருகிறது. இங்கிலாந்து 12 என்பது அமெரிக்காவில் 8, ஐரோப்பாவில் 40. லேபிளில் இருக்கும் எண்ணை அப்படியே போட்டால் வாங்குபவருக்கு எதுவும் புரியாது. போதாக்குறைக்கு யாரோ பல முறை துவைத்த துணி, சுருங்கியிருக்கும்.

உடையைத் துவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகு தரையில் விரியுங்கள். ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள் வரை டேப் வைத்து அளந்து இரண்டால் பெருக்கினால் மார்பளவு. இடுப்பும் அப்படியே. பின் கழுத்துத் தையலிலிருந்து கீழ்விளிம்பு வரை நீளம். மூன்றையும் சிறு சீட்டில் எழுதி உடையில் குத்திவிடுங்கள். துணி இழுபடுமா, படாதா என்பதையும் எழுதுங்கள். அக்கா முதல் மாதம் லேபிளை நம்பி விற்றார், கவுன் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. போக வர போக்குவரத்துச் செலவு அவர் தலையில். அளவு போட ஆரம்பித்த பிறகு திரும்புவது அநேகமாக நின்றுவிட்டது.

படமும் விலையும்

ஜன்னல் ஓரம், காலை வெளிச்சம், சுவரில் ஒரு ஹேங்கர். இது போதும். மஞ்சள் பல்பின் கீழ் எடுத்தால் வெள்ளைத் துணி பழுப்பாகத் தெரியும். முன், பின், துணி நெருக்கத்தில் என மூன்று படம். குறை இருந்தால் நான்காவது படம் அந்தக் குறைக்கு.

படத்தின் கீழேயே விலையைப் போடுங்கள். 'விலைக்கு மெசேஜ் செய்யவும்' என்பதைப் பார்த்தாலே கென்யர்கள் எரிச்சலாகிறார்கள். நியாயம்தான், எனக்கும் அப்படித்தான். இன்ஸ்டாகிராமில் காட்டி, வாட்ஸ்அப் பிசினஸ் கேட்டலாக்கில் விற்பதுதான் தொடங்குபவர்களுக்கு வசதி. தனி வெப்சைட் இப்போதைக்கு வேண்டாம்.

விலைக் கணக்கை ஒரு உதாரணத்தோடு பார்ப்போம். எண்கள் கணக்குக்காக நான் போட்டவை. 20 கவுன், ஒன்று 250 ஷில்லிங், ஆக 5,000. போக்குவரத்து 300, துவைத்து இஸ்திரி போட 400, பை, டேட்டா 500. மொத்தம் 6,200. ஒன்று 600-க்கு விற்றால் 12,000 வரும், சரக்கு விலை போக 7,000 லாபம் என்று மனம் கணக்குப் போடும். நடப்பது வேறு. 14 கவுன் 600-க்குப் போகும், 4 பேரம் பேசி 400-க்குப் போகும், 2 போகவே போகாது. கைக்கு வருவது 10,000. லாபம் 3,800. உங்கள் உழைப்புக்கு இன்னும் கூலி போடவில்லை.

பணம் வாங்குவது

கென்யாவில் பணம் என்றால் எம்-பெசா. 2007-ல் சஃபாரிகாம் தொடங்கிய கைப்பேசிப் பணம் இது, காய்கறிக்காரம்மா வரைக்கும் வைத்திருப்பார். சொந்த எண்ணில் வாங்காமல் வியாபாரத்துக்கென்று டில் எண், அதாவது கடைகள் பணம் வாங்கும் எம்-பெசா எண் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கடைப் பணமும் வீட்டுப் பணமும் கலந்து, மாதக் கடைசியில் லாபம் எங்கே போனது என்றே தெரியாது.

பணம் வந்த செய்தியை வாங்குபவர் தன் போனில் காட்டினால் நம்பாதீர்கள். உங்கள் போனுக்கே செய்தி வந்தாலும் அனுப்பியது யார் என்று பாருங்கள். ஒரு சனிக்கிழமை அவசரத்தில் அக்கா இரண்டு கவுன் அனுப்பிவிட்டார். வந்திருந்த செய்தி எழுத்துக்கு எழுத்து எம்-பெசா மாதிரியே இருந்தது, ஆனால் யாரோ ஒருவரின் சாதாரணக் கைப்பேசி எண்ணிலிருந்து வந்தது. இருப்பைப் பார்த்தபோது ஒரு ஷில்லிங் கூட ஏறவில்லை. அன்றிலிருந்து விதி ஒன்றுதான்: இருப்பைப் பார்த்துவிட்டுத்தான் பார்சலைக் கட்டுவது.

கொண்டு சேர்ப்பது

நகருக்குள் போடா போடா, அதாவது வாடகை பைக். வீட்டு எண்ணை வைத்து இடம் கண்டுபிடிப்பது கஷ்டம். பெட்ரோல் பங்க், பள்ளிக்கூடம், தேவாலயம் என்று அடையாளம் கேட்டு வாங்குங்கள். நம்பகமான ஒரு ரைடரைப் பழக்கிக்கொள்வது நல்லது. நகுரு, கிசுமு, மொம்பாசா போன்ற வெளியூர்களுக்குப் பஸ் பார்சல். அதற்கு முழுப் பணமும் முன்னாலேயே வாங்கிவிடுங்கள். உள்ளூரில் பொருளைப் பார்த்துவிட்டுப் பணம் தருகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளலாம், டெலிவரிக் காசை மட்டும் முன்பணமாகக் கேளுங்கள். அதைக் கொடுத்தவர் அநேகமாகக் கதவைத் திறப்பார்.

வளர்ப்பது

மூன்று, நான்கு மாதம் நோட்டைப் பார்த்தால் எது எத்தனை நாளில் விற்கிறது என்று தெரியும். அப்புறம்தான் மூட்டையைப் பற்றி யோசிக்க வேண்டும். அதையும் இதே தொழில் செய்யும் இரண்டு பேரோடு பங்கு போட்டு வாங்குங்கள். கடன் வாங்கி மூட்டை எடுக்க வேண்டாம். 2020-ல் கொரோனாவைக் காட்டி அரசு மிடும்பா இறக்குமதியைச் சில மாதம் நிறுத்தியது. அப்படி ஒரு நாள் திரும்ப வந்தாலும் கைக்காசு போட்டவர் தாக்குப்பிடிப்பார்.

பருவத்தையும் கவனியுங்கள். நைரோபி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நம் ஊட்டி மாதிரி குளிரும். மே மாதமே ஜாக்கெட் எடுத்து வைத்துவிடுங்கள். அதே ஜாக்கெட்டை மொம்பாசா வாடிக்கையாளருக்குக் காட்டினால் சிரிப்பார், அங்கே மெல்லிய பருத்திதான் போகும். டிசம்பரில் எல்லோரும் சொந்த ஊருக்குக் கிளம்புமுன் புதிதாக உடுத்த வாங்குவார்கள். ஜனவரியில் பள்ளிக் கட்டணம் வந்து பையைக் காலி செய்துவிடும். பசி என்பதற்குச் சுவாஹிலியில் 'ஞா', அதைச் சேர்த்து அந்த மாதத்தை 'ஞானுவரி' என்றே கேலி செய்கிறார்கள். ஞானுவரியில் விலையைக் குறைத்துக்கொண்டு அழாதீர்கள். அளக்காமல் கிடக்கும் துணியை அளந்து, படம் எடுத்து வையுங்கள். சிவப்புக் கவுன் எல்லாவற்றையும் தனியாக ஒதுக்குங்கள், பிப்ரவரி 14-க்கு முந்தைய வாரம் அதைக் கேட்டுத்தான் மெசேஜ் வரும்.