கடலை மட்டும் பார்க்காதீர்கள்: பருவநிலைத் திட்டமிடலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பருவநிலை மாற்றம் என்றதும் சிங்கப்பூரில் நம் பேச்சு நேராகக் கடலுக்குத்தான் போகிறது. அதில் நியாயமும் இருக்கிறது. தீவின் ஏறத்தாழ 30 விழுக்காட்டு நிலம், கடல் மட்டத்திலிருந்து 5 மீட்டர் உயரம்கூட இல்லை. 2100க்குள் கடல் 1.15 மீட்டர் வரை உயரக்கூடும் என்று 2024 ஜனவரியில் வெளியான தேசிய ஆய்வு சொல்கிறது. ஆனால் கடலை மட்டும் மனத்தில் வைத்துத் திட்டம் போடுவதே முதல் தவறு.

கரையில் சுவர் எழுப்பிவிட்டால் கடல் உள்ளே வராது, சரி. உள்ளே கொட்டும் மழை எங்கே போகும்? கனமழையும் கடல் ஏற்றமும் சேர்ந்து வரும் நாளில் கால்வாய் நீர் வடிய வழியிருக்காது. 2008இல் திறக்கப்பட்ட மரினா அணைக்கட்டு இதை யோசித்துக் கட்டப்பட்டது. கடல் தாழ்ந்திருந்தால் 9 மதகுகள் திறக்கும். ஏறியிருந்தால் 7 பம்புகள் நீரை இறைத்து வெளியே தள்ளும். மற்ற நாள்களில் அது குடிநீர்த் தேக்கம். கிழக்குக் கடற்கரைக்கு அப்பால் சுமார் 800 ஹெக்டரில் கடலைத் தூர்த்து உருவாக்கத் திட்டமிடப்படும் லாங் ஐலண்ட் என்ற நிலப்பகுதியிலும் கடல்தடுப்போடு நீர்த்தேக்கமும் சேர்ந்தே வருகிறது.

அடுத்தது, பழைய மழைக் கணக்கை நம்புவது. 2010 ஜூனில் ஆர்ச்சர்ட் ரோடு வெள்ளக்காடானது பலருக்கு நினைவிருக்கும். அப்புறம்தான் பூமலைக்கு (பொட்டானிக் கார்டன்ஸ்) அருகே நிலத்தடி வெள்ளநீர்த் தொட்டியும், நீரைச் சிங்கப்பூர் ஆற்றுக்குத் திருப்பிவிடும் கால்வாயும் உருவாயின. இரண்டும் முடிய 2018 ஆனது. நிலத்துக்கடியில் ஒன்றைக் கட்ட இத்தனை ஆண்டுகள் பிடிக்கும்போது, வெள்ளம் வந்தபின் யோசிக்கலாம் என்பது ஆபத்தான நிதானம்.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது வெயில். கடல் மெல்ல ஏறுகிறது; வெயில் ஏற்கெனவே நம் தலைமேல் நிற்கிறது. 2023 மே 13 அன்று அங் மோ கியோவில் 37 டிகிரி பதிவாகி, 1983ஆம் ஆண்டின் உச்சத்தைத் தொட்டது. பகலெல்லாம் சூடேறிய கான்கிரீட் இரவில் அந்தச் சூட்டை வெளியே விடுவதால், நெருக்கமாகக் கட்டிய பகுதிகளுக்கும் பசுமையான ஊர்ப்புறத்துக்கும் இரவில் 7 டிகிரி வரை வித்தியாசம் இருந்திருக்கிறது. இதற்கு ஏர்கானையே விடையாக நினைப்பது பெரிய தவறு. அது அறைக்குள்ளிருக்கும் சூட்டை வாங்கித் தெருவில் கொட்டுகிறது. வீட்டில் இருப்பவருக்குக் குளிர்ச்சி, கீழே நடப்பவருக்குக் கூடுதல் வெக்கை. காற்று ஊடுருவும்படி கட்டடங்களை அமைப்பதும், மரங்களை வைப்பதும், வெப்பத்தைத் திருப்பியனுப்பும் பெயின்ட் பூசுவதும் ஊருக்கே பொதுவாக உதவும். இந்தச் சின்ன வேலைகள் வரைபடத்திலேயே இடம்பெற வேண்டும்.

திட்டத்தில் எளிதாக விடுபட்டுப்போகிறவர்கள் வெளியில் வேலை செய்பவர்கள். கட்டுமானத் தளங்களிலும் சாலையோரங்களிலும் உழைப்பவர்களில் தமிழகத்திலிருந்து வந்த நம் தம்பிகள் எத்தனை பேர்! காற்றின் வெப்பத்தோடு ஈரப்பதம், காற்றோட்டம், வெயில் ஆகியவற்றையும் சேர்த்துக் கணக்கிடும் வெப்ப அழுத்த அளவு (WBGT) 32 டிகிரியை எட்டினால், கடின வேலை செய்வோருக்கு மணிக்குக் குறைந்தது 10 நிமிட ஓய்வு தர வேண்டும் என்று மனிதவள அமைச்சு 2023 அக்டோபரில் அறிவித்தது. நல்ல விதி. அந்த ஓய்வுக்கு நிழலான இடமும் குடிநீரும் தளத்துக்குள்ளேயே, நடந்து எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். வேலை தொடங்குமுன் தள வரைபடத்தில் அந்த இடத்தைக் குறித்துவிடலாம்.