ஃப்ளூவுக்கு ஓசல்டாமிவிர்: சிரப்பை அளக்கும் இடத்தில் கவனம்

ஓசல்டாமிவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து ஃப்ளூவுக்கு மட்டுமே. டெங்கு, கோவிட், சாதாரணச் சளி எதற்கும் உதவாது. ஒரு செல்லுக்குள் பெருகிய வைரஸ் வெளியேறி அடுத்த செல்லைப் பிடிக்க நியூராமினிடேஸ் என்ற நொதி வேண்டும். அதைத்தான் இம்மருந்து முடக்குகிறது. வைரஸ் மூச்சுப் பாதையில் பெருகி முடித்த பிறகு ஆரம்பித்தால் பலன் குறைவு. அறிகுறி தொடங்கி 48 மணி நேரத்துக்குள் என்று சொல்வதன் காரணம் அதுவே. ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்கு முற்றியவர்களுக்கு அதற்குப் பிறகும் கொடுப்பார்கள்.

1. தேவையா என்று பாருங்கள்

இந்திய அரசின் வழிகாட்டுதலில் மூன்று பிரிவுகள். லேசான காய்ச்சல், இருமல், தொண்டை வலி என்றால் ‘ஏ’: ஓய்வும் பாராசிட்டமாலும் போதும். காய்ச்சல் அதிகமாகித் தொண்டை வலி கடுமையானாலும், நோயாளி கர்ப்பிணி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை, 65 தாண்டியவர், சுகர், இதயம், நுரையீரல், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர் என்றாலும் ‘பி’: டாக்டரிடம் போங்கள். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, அரைமயக்கம், சளியில் ரத்தம், நகம் நீலமாதல் ‘சி’: நேராக ஆஸ்பத்திரி.

‘பி’யில் ஆபத்து அதிகமுள்ளவர்கள் மருந்தைத் தொடங்கப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்க வேண்டாம். ரேபிட் டெஸ்டில் நெகட்டிவ் வந்தாலும் ஃப்ளூ இல்லை என்று அர்த்தமில்லை.

2. சீட்டு

இது அட்டவணை ஹெச்1 என்ற அரசுக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள மருந்து. டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது. சீட்டில் நோயாளியின் எடை எழுதப்பட்டிருக்கிறதா, சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டரிடம் சொன்னீர்களா என்று பாருங்கள். சிறுநீரகம் பலவீனமானால் அளவைக் குறைக்க வேண்டும்.

3. அளவு

பெரியவர்களுக்கு 75 மி.கி., காலை ஒன்று, இரவு ஒன்று, ஐந்து நாள். ஒரு வயதைத் தாண்டிய குழந்தைகளுக்கு எடைதான் கணக்கு: 15 கிலோ வரை 30 மி.கி., 23 வரை 45, 40 வரை 60, அதற்கு மேல் 75. எல்லாமே தினம் இரண்டு வேளை. ஒரு வயதுக்குக் கீழே டாக்டர்தான் கணக்கிட வேண்டும்.

4. சிரப்

பெரும்பாலான தவறு இங்கேதான் நடக்கிறது. சிரப் ஒரு மில்லிக்கு 12 மி.கி. என்றும் 6 மி.கி. என்றும் இரண்டு செறிவுகளில் உண்டு. 45 மி.கி. வேண்டுமானால் முதலாவதில் 3.75 மில்லி, இரண்டாவதில் 7.5 மில்லி. பாட்டிலைப் பார்க்காமல் “ஒரு மூடி” என்று கொடுத்தால் பாதி அளவோ இரட்டை அளவோ போய்விடும். 2009-இல் அமெரிக்காவில் சீட்டு மில்லியிலும், கூடவே வந்த சிரிஞ்சு மி.கி.யிலும் இருந்து குழப்பமாகி, அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே எச்சரிக்கை விட வேண்டி வந்தது.

ஆகவே சீட்டில் மி.கி., மில்லி இரண்டையும் எழுதச் சொல்லுங்கள். வீட்டு டீஸ்பூன் வேண்டவே வேண்டாம். மில்லிக் கோடு போட்ட, ஊசியில்லாத சிரிஞ்சுதான் நம்பகமானது. சிரப் கலக்க வேண்டிய பொடியாக வந்தால், தண்ணீரை லேபிளில் சொன்ன அளவே ஊற்றுங்கள். ஒவ்வொரு வேளையும் குலுக்கி, நுரை அடங்கியபின் உறிஞ்சுங்கள். நுரையோடு இழுத்தால் அளவு குறையும்.

5. கொடுக்கும்போது

குமட்டலும் வாந்தியும் சகஜம். ஏதாவது சாப்பிட்டபின் கொடுத்தால் குறையும். ஒரு வேளை மறந்தால் நினைவு வந்ததும் கொடுங்கள். அடுத்த வேளைக்கு இரண்டு மணி நேரமே இருந்தால் விட்டுவிடுங்கள், இரட்டிப்பாக்க வேண்டாம். காய்ச்சல் இறங்கினாலும் ஐந்து நாளும் முடியுங்கள். மழைக்கால ஃப்ளூவும் டெங்கும் கைகோத்து வருவதால், டெங்கு இல்லை என்று தெரியும்வரை ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் பக்கம் போகாதீர்கள்.

6. தடுப்புக்கு

வீட்டில் ஒருவருக்கு ஃப்ளூ உறுதியாகி, கூடவே ஆபத்து அதிகமுள்ளவர் இருந்தால், அதே அளவை தினம் ஒரே வேளையாகப் பத்து நாள் டாக்டர் எழுதலாம். நெருக்கமாக இருந்த 48 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். மருந்து நின்றதும் பாதுகாப்பும் போய்விடும். எனவே ஊருக்கே கொடுப்பதில் அர்த்தமில்லை. தடுப்பூசிக்கு இது மாற்றும் இல்லை.

பிற்சேர்க்கை: சிரப் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று கேட்கிறார்கள். மருந்தாளரிடம் கேட்டு 75 மி.கி. கேப்சூலைப் பிரித்து, பொடியை 5 மில்லி தண்ணீரில் கலக்கலாம். ஒரு மில்லிக்கு 15 மி.கி. ஆகும். 30 மி.கி.க்கு 2 மில்லி, 45-க்கு 3, 60-க்கு 4. மிகக் கசப்பு, சர்க்கரைப் பாகோ சாக்லேட் சிரப்போ சேர்த்து உடனே கொடுங்கள். மிச்சத்தைக் கொட்டிவிட்டு, அடுத்த வேளைக்குப் புதுக் கேப்சூல் எடுங்கள்.