சென்னையில் சிறு குழந்தையோடு குடியேறப் பகுதியைத் தேர்ந்தெடுக்கும் முறை

வாடகையை ஒப்பிடுவதற்கு முன், மழைநீர் எங்கே தேங்கும் என்பதை விசாரியுங்கள். 2015 டிசம்பர் பெருவெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் ஆகிய தாழ்வான பகுதிகள் நீரில் மூழ்கின. எனினும் ஒரே பகுதிக்குள் தெருவுக்குத் தெரு நிலைமை மாறுபடும் என்பதால், அந்தத் தெருவின் மளிகைக் கடைக்காரரிடமும் இஸ்திரி போடுபவரிடமும் தண்ணீர் எதுவரை ஏறியது, எத்தனை நாள் மின்சாரம் இல்லை என்று கேட்பதே நம்பகமான வழி. இத்தகைய இடங்களில் தரைத்தள வீட்டை, வாடகை எவ்வளவு குறைந்தாலும், குழந்தை உள்ளவர்கள் ஏற்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

மெட்ரோ வாட்டர் (சென்னைக் குடிநீர் வாரியம்) இணைப்பு உண்டா, கோடையில் லாரித் தண்ணீரை நம்ப வேண்டியிருக்குமா, அச்செலவு பராமரிப்புக் கட்டணத்தில் அடங்குமா என்பவற்றையும் கேட்டுவிடுங்கள். பெருங்குடி, கொடுங்கையூர் குப்பைக் கிடங்குகளுக்கு அருகில் வீடு பார்த்தால், மாலையிலும் ஒருமுறை சென்று காற்றை முகர்ந்து பாருங்கள்.

பள்ளியின் பெயரைவிட அதற்குச் செல்லும் வழி முக்கியம். பள்ளி திறக்கும் நேரத்தில் அந்த வழியைக் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து பார்த்தால், நடைபாதை தொடர்ச்சியாக இருக்கிறதா, பெருஞ்சாலையைக் கடக்க வேண்டுமா என்பது விளங்கும். பூங்கா நடந்து செல்லும் தொலைவில் இருக்கட்டும். எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை நகரின் நடுவில் உள்ளது. ஆயினும் இரவில் காய்ச்சல் கண்டால் உடனே காட்டக்கூடிய குழந்தை மருத்துவர் அருகில் இருக்கிறாரா என்பதை முன்பணம் கொடுக்கும் முன்பே உறுதிசெய்துகொள்ளுங்கள்.