'கிராஃபிக்ஸ் சூப்பர்' என்று எழுதினால் மார்க் விழாது

புதுச்சேரியில் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) மாணவர்களுக்கு வகுப்பெடுக்கிறேன். வருஷா வருஷம் ஒரு அசைன்மென்ட் உண்டு: ஒரு வீடியோ கேமை எடுத்துக்கொண்டு, அது ஊடக மரபுகளை வைத்து யாரை, எப்படி இழுக்கிறது என்று எழுத வேண்டும். வருகிற தாள்களில் பாதி இப்படித்தான் தொடங்கும்: 'இந்த கேமின் கிராஃபிக்ஸ் சூப்பர். அதனால் எல்லா வயதினரும் விரும்புகிறார்கள்.' ஒரே மூச்சில் இரண்டு தவறு. கிராஃபிக்ஸ் நன்றாக இருப்பது மரபு ஆகாது. 'எல்லா வயதினரும்' என்று ஒரு கூட்டம் எங்கேயும் கிடையாது.

மரபு என்றால் பார்த்துப் பார்த்து நமக்குப் பழகிப்போன சங்கதி. பழைய படத்தில் ஷெனாய் ஊதினால் அடுத்தது அழுகை என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, இல்லையா? அது மாதிரி.

லாஸ்பேட்டையில் மணிக்கு இவ்வளவு என்று காசு வாங்கும் ஒரு பிளேஸ்டேஷன் கடை. மருமகனைக் கூட்டிப்போக வந்த மாமா ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். பையன் ஃபுட்பால் ஆடிக்கொண்டிருந்தான். கன்ட்ரோலரில் எந்த பட்டன் எதற்கு என்று அவருக்குத் தெரியாது. ஆனால் ரெண்டாவது நிமிஷமே, "டேய், ஆஃப்சைடுடா அது!" என்று கத்தினார். "போ மாமா, கோல் குடுத்துட்டான்." காரணம் திரையிலேயே இருக்கிறது. டிவியில் வருவது போலவே கேமரா கேலரி உயரத்தில் பக்கவாட்டில் நிற்கிறது. மூலையில் ஸ்கோரும் கடிகாரமும். கோல் விழுந்தால் ஸ்லோ மோஷனில் ரீப்ளே, கூடவே வர்ணனை. டிவியில் மேட்ச் பார்த்து வளர்ந்தவருக்குப் புதிதாகக் கற்க எதுவுமில்லை. அப்புறம் பையன் கேமராவை ஒரே ஒரு ஆட்டக்காரரின் முதுகுக்குப் பின்னால் மாற்றினான். மாமா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனை எடுத்துக்கொண்டார். அந்தக் கோணம் டிவி தந்த பழக்கம் இல்லை, ஆக்‌ஷன் கேம் ஆடி வந்த பழக்கம். கேம் ஒன்றுதான், கேமரா மாறியதும் ஆள் மாறிவிட்டார். இப்படி ஒரு காட்சியைச் சுட்டிக்காட்டி எழுதினால் நான் மார்க்கைப் பிடித்து வைப்பதே இல்லை.

அடுத்த தவறு நம் ஊருக்கென்றே உள்ளது. பிரான்சில் சொந்தக்காரர் இருக்கும் வீடுகள் இங்கே நிறைய. லீவுக்கு வருகிறவர்களின் பெட்டியில் கேம் டிஸ்க்கும் வரும். அட்டையில், ஐரோப்பாவில் கேம்களுக்கு வயது குறிக்கும் பெகி அமைப்பின் முத்திரை: 3, 7 பச்சை, 12, 16 ஆரஞ்சு, 18 சிவப்பு. மாணவர்கள் அந்த எண்ணை அப்படியே தூக்கி 'இலக்குப் பார்வையாளர்' என்று எழுதிவிடுகிறார்கள். ஃபுட்பால் கேம் மேல் 3 என்று போட்டிருக்கும். மூன்று வயதுக் குழந்தைக்காகவா அதைச் செய்தார்கள்? உள்ளே வன்முறை, கெட்ட வார்த்தை மாதிரி என்ன இருக்கிறது, எந்த வயதுக்கு மேல் கொடுக்கலாம் என்பதற்குத்தான் அந்த முத்திரை. யாரைக் குறிவைத்து விற்கிறார்கள் என்பது வேறு கணக்கு.

துப்பாக்கி என்றால் பையன்கள், புதிர் என்றால் பெண்கள் என்று எழுதுவதும் வேண்டாம். 1980-இல் பேக்மேனை உருவாக்கிய தோரு இவாதானி, ஆர்கேடுக்கு, அதாவது காசு போட்டு கேம் ஆடும் கூடத்துக்கு, பெண்களும் வர வேண்டும் என்று நினைத்துத்தான் சாப்பிடுவதை விளையாட்டாக்கினார், பேய்களைக்கூட அழகாக வரையச் செய்தார். அது செய்தவரின் ஊகம். அதை ஊகம் என்றே எழுதுங்கள், பெண்களின் குணம் என்று எழுதாதீர்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்த தவறு ஒன்று உண்டு, நானே செய்தது என்பதால். 2002-இல் வந்த வைஸ் சிட்டி என்ற கேம், மயாமியைப் போல அமைத்த ஒரு நகரத்தில் 1986-இல் நடக்கும் கதை. நியான் விளக்கு, பனைமரக் கடற்கரை, காருக்குள் எண்பதுகளின் பாட்டு போடும் ரேடியோ என்று அமெரிக்க கேங்ஸ்டர் படங்களின் சாயல் முழுக்க இருக்கும். 'எண்பதுகளின் ஏக்கத்தால் ஈர்க்கப்படுகிறார்கள்' என்று ஒரு காலத்தில் நானும் வகுப்பில் சொன்னேன். எந்த ஏக்கம்? முத்தியால்பேட்டை பிரவுசிங் சென்டரில் எங்களுக்கு மயாமியும் தெரியாது, அந்தப் பாட்டும் தெரியாது. 'பான்சர்' என்ற ரகசியச் சொல்லை டைப் அடித்தால் டாங்கி வந்து விழும், அதுதான் எங்கள் கவர்ச்சி. செய்தவர் வைத்தது ஒன்று, ஆடியவர் எடுத்தது வேறொன்று. இரண்டையும் தனித்தனியாக எழுத வேண்டும்.

ஆடுகிறவர் மட்டுமே பார்வையாளர் என்று நினைப்பதும் தப்பு. பப்ஜி மொபைல் 2020 செப்டம்பரில் இந்தியாவில் தடையானது. 2021 ஜூலையில் இந்தியாவுக்கென்றே மாற்றிய பிஜிஎம்ஐ ஆகத் திரும்பி வந்தபோது ரத்தம் பச்சையாகியிருந்தது. 'கில்' போய் 'ஃபினிஷ்' வந்தது. 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு நேரக் கட்டுப்பாடு. பச்சை ரத்தம் வேண்டும் என்று எந்தப் பையன் கேட்டான்? அது பெற்றோருக்கும் அரசுக்கும்.

கடைசியாக, கதைச் சுருக்கம். ஒன்றரைப் பக்கம் கதையைச் சொல்லிவிட்டு, அதையே பகுப்பாய்வு என்று நீட்டுவார்கள். சினிமா விமர்சனத்துக்கே அது போதாது. கேமில் பார்ப்பவரின் கையும் சேர்ந்து வேலை செய்கிறதே, அது எங்கே?

டொரோண்டோவில் உருவாகி 2023-இல் வந்த வெண்பா என்ற கேம், கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பத்தைப் பற்றியது. அம்மாவின் சமையல் குறிப்பு நோட்டு அங்கங்கே அழிந்திருக்கும், விட்டுப்போன படியை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து வந்த ஒரு மாணவி போன வருஷம் முதலில் வரும் இட்லிப் பகுதியை மட்டும் எடுத்து எழுதினாள். அவள் நோட்டை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் முடித்தாளாம். ஹாஸ்டலில் பக்கத்துக் கட்டில் ராஞ்சிப் பெண் அதே இடத்தில் மூன்று முறை தப்பு செய்து, அழிந்த வரியை உற்று உற்றுப் பார்த்து, கடைசியில் இட்லி வெந்ததும் கைதட்டினாளாம். ஒருத்திக்கு அது வீட்டு நினைப்பு, இன்னொருத்திக்குப் புதிர். கதை என்ன என்று அந்தத் தாளில் ஒரு வரிகூட இல்லை. நானும் கேட்கவில்லை.