அமிலம் கண்டால் ஒளிரும் பாக்டீரியா: எங்கே சறுக்குகிறோம்?

ஈ.கோலை பாக்டீரியாவின் ஏஎஸ்ஆர் (asr) மரபணு, அமிலம் பட்டதும் விழித்துக்கொள்ளும். அதன் புரோமோட்டருக்கு, அதாவது மரபணுவை இயக்கும் டிஎன்ஏ சுவிட்சுக்குப் பின்னால் ஜிஎஃப்பி என்ற பச்சை ஒளிர்வுப் புரதத்தின் மரபணுவை ஒட்டினால் அமில உணரி தயார். காகிதத்தில் அவ்வளவுதான். நான் முதலில் செய்து பார்த்தபோது பிஎச் 5 குழாய், பிஎச் 7 குழாயைவிட மங்கலாகத் தெரிந்தது. புரோமோட்டர் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி, டிஎன்ஏ எழுத்துகளைப் படித்துப் பார்க்கும் சீக்வென்சிங்குக்கு அனுப்பினேன். ஓர் எழுத்துகூடப் பிசகியிருக்கவில்லை.

தவறு அமிலத்தில் இருந்தது. கையருகே இருந்த அசிட்டிக் அமிலத்தை ஊற்றியிருந்தேன். வெளியே பிஎச் 5.5 வரை இறங்கினாலும் ஈ.கோலை தன் உட்புறத்தை 7.5-ஐ ஒட்டியே வைத்துக்கொள்ளும். ஆனால் அசிட்டிக் அமிலம் சவ்வைக் கடந்து உள்ளே போய்ப் புரோட்டானை அவிழ்த்துவிடுகிறது, உட்புறமும் அமிலமாகிவிடுகிறது. ஆய்வகங்களில் அதிகம் புழங்கும் ஜிஎஃப்பி வகையான ஈஜிஎஃப்பி, பிஎச் 6-க்கு வந்தாலே பாதி ஒளியை இழந்துவிடும். புரதம் உருவாகியிருக்கிறது, கண்ணுக்குத்தான் தெரியவில்லை. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் பிஎச்சைச் சரிசெய்யுங்கள். அளக்கும் முன் செல்களைக் கழுவி, பிஎச் 7.4 பஃபரில் (பிஎச்சை மாறாமல் பிடித்து வைக்கும் கரைசலில்) கலக்குங்கள். அல்லது அமிலத்தைத் தாங்கும் எம்செர்ரி என்ற சிவப்பு ஒளிர்வுப் புரதத்துக்கு மாறிவிடுங்கள்.

அடுத்த சறுக்கல் மீடியம், அதாவது பாக்டீரியாவை வளர்க்கும் ஊட்டக் கரைசல். வழக்கமான எல்பி (LB) மீடியத்தில் சொல்லிக்கொள்ளும்படி பஃபர் கிடையாது. மாலையில் 5.5 என்று வைத்துவிட்டுப் போனால், பாக்டீரியா அமினோ அமிலங்களைத் தின்று அம்மோனியாவை விட்டு, காலைக்குள் காரப்பக்கம் இழுத்துப் போயிருக்கும். குளுக்கோஸ் சேர்த்திருந்தால் நேர்மாறு. எம்ஈஎஸ் (MES) பஃபர் பிஎச் 6-ஐ ஒட்டி நன்றாகப் பிடிக்கும், 5-இல் அதை நம்ப முடியாது. முடிவிலும் ஒருமுறை பிஎச்சை அளந்து குறித்து வையுங்கள். பலர் இதைச் செய்வதே இல்லை.

புரோமோட்டரை மாற்றினாலும் பொறி உண்டு. கேட் ஏ (gadA) என்ற இன்னோர் அமில மரபணுவின் புரோமோட்டர், வளர்ச்சி நின்ற கல்ச்சரில் அமிலமே இல்லாமலும் இயங்கும்; ஓவர்நைட் கல்ச்சரைப் பார்த்து ஏமாந்தவர்கள் உண்டு. அமிலத்தை உணரும் கேட்சி (CadC) புரதத்தின் வழியே போகிறவர்கள் மீடியத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் இருக்கிறதா என்று பாருங்கள், அது இல்லாமல் கேட்சி அசையாது.

எப்போதும் இயங்கும் புரோமோட்டருக்குப் பின்னால் அதே ஒளிர்வுப் புரதம் கொண்ட ஒரு பாக்டீரியா திரிபையும் எல்லா பிஎச்சிலும் கூடவே வளருங்கள். அமிலத்தில் அதுவும் மங்கினால் கோளாறு உங்கள் உணரியில் இல்லை. அந்த ஒரு குழாய் இருந்திருந்தால் எனக்கு சீக்வென்சிங் செலவு மிஞ்சியிருக்கும்.