ரயில் இரைச்சலும் தரை அதிர்வும்: அளந்து கணிப்பது எப்படி?

இரண்டும் பெரும்பாலும் சக்கரம் தண்டவாளத்தைத் தொடும் இடத்தில்தான் பிறக்கின்றன. ஆனால் ஒலியை ஓரிடத்தில் அளந்து வேறிடத்துக்குக் கணக்கிடலாம். அதிர்வில் அது லேசில் நடக்காது, அங்கே மண் வைத்ததுதான் சட்டம்.

1. மைக்கை நிறுத்துதல்

முதல் வகுப்பு ஒலிமட்டமானி தேவை. ரயில் ஒலியை அளப்பதற்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 3095-இன்படி, பாதையின் நடுக்கோட்டிலிருந்து 7.5 மீட்டர் தள்ளி, தண்டவாள மேல்மட்டத்துக்கு 1.2 மீட்டர் உயரத்தில் மைக் இருக்க வேண்டும். அவ்வளவு அருகில் நிற்க ரயில்வே அனுமதி வேண்டும். இல்லையென்றால் 25 மீட்டர் தள்ளி, 3.5 மீட்டர் உயரத்தில் வையுங்கள். அளக்கும் முன்னும் பின்னும் காலிப்ரேட்டரால் (தெரிந்த அளவு ஒலியை எழுப்பி மானியைச் சரிபார்க்கும் கருவி) சோதியுங்கள். இரண்டும் 0.5 டெசிபெலுக்கு மேல் விலகினால் அந்தப் பதிவுகள் செல்லாது. காற்று வினாடிக்கு 5 மீட்டரைத் தாண்டினால் நுரை உறை போட்டும் பயனில்லை.

2. ஒலிக் கணக்கு

ரயில் கடந்த 8 வினாடியில் சராசரி 86 டெசிபெல் என்று கொள்வோம். 8-இன் மடக்கையை 10-ஆல் பெருக்கினால் 9, கூட்டினால் 95. இது அந்த ரயிலின் மொத்த ஒலியை ஒரே வினாடிக்குள் அடக்கிய மட்டம். மணிக்கு 6 ரயில் என்றால் 95 + 7.8 − 35.6, அதாவது மணிநேரச் சராசரி சுமார் 67. (6-இன் மடக்கையிலிருந்து 7.8, 3600 வினாடியிலிருந்து 35.6.)

வேகம் இரட்டித்தால் உருளும் ஒலி சுமார் 9 டெசிபெல் ஏறும். மெதுவாகப் போகும்போது எஞ்சின் சத்தமே ஓங்கி நிற்பதால் இந்த விதி பொருந்தாது. தூரம் இரட்டித்தால் இந்த மொத்த மட்டம் திறந்தவெளியில் ஏறக்குறைய 3 குறையும். ஹாரன் விழுந்த பதிவைச் சராசரியில் சேர்க்காதீர்கள்.

3. அதிர்வு உணரியைப் பொருத்துதல்

தவறுகளில் பாதி இங்கேதான். புல்தரையில் சும்மா வைத்த ஜியோஃபோன் (தரை அதிர்வை மின்குறியாக்கும் உணரி) தானே ஆடி, இல்லாத அதிர்வைக் காட்டும். மேல்மண்ணை நீக்கி, கெட்டியான மண்ணில் உணரியின் முளையை இறுக்கி அடியுங்கள். கான்கிரீட்டில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வைத்து ஒட்டுங்கள். வினாடிக்கு 1000 மாதிரி எடுத்தால் 250 ஹெர்ட்ஸ் வரை தாராளமாகப் போதும். இயல்பு அதிர்வெண் 4.5 ஹெர்ட்ஸ் உள்ள ஜியோஃபோன் அதற்குக் கீழான அதிர்வுகளைக் குறைத்தே காட்டும்.

மணிக்கு 72 கி.மீ. என்பது வினாடிக்கு 20 மீட்டர். ஸ்லீப்பர் (தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக்கட்டை) இடைவெளி 0.6 மீட்டர் என்றால், அதிர்வெண் வரைபடத்தில் 33 ஹெர்ட்ஸில் (20 ÷ 0.6) ஒரு முகடு எழலாம். வேறு வேகத்தில் வரும் ரயிலிலும் பாருங்கள்: முகடு வேகத்தோடு நகர்ந்தால் காரணம் பாதை அல்லது சக்கரம், அசையாமல் நின்றால் மண்ணையோ உங்கள் பொருத்தலையோ சந்தேகியுங்கள்.

4. அதிர்வைக் கணித்தல்

8, 16, 32 மீட்டரில் ஒரே ரயிலை ஒரே நேரத்தில் அளங்கள். இரு அச்சும் மடக்கையில் உள்ள தாளில் தூரத்துக்கு எதிரே அதிர்வைப் புள்ளியிட்டுக் கோடு வரையுங்கள். ஒவ்வொரு அதிர்வெண் பட்டைக்கும் தனிக் கோடு வேண்டும், ஏனெனில் மண் உயர் அதிர்வெண்களையே முதலில் விழுங்கும். அந்தச் சாய்வு அந்த மண்ணுக்கு மட்டும்தான். 32 மீட்டருக்கு அப்பால் நீட்டாதீர்கள். வீட்டுக்குள் அளப்பதானால் உணரியைச் சுவரோரம் வைக்காமல் தளத்தின் நடுவில் வையுங்கள். தொங்கு தளம் (ஓரங்களில் மட்டும் தாங்கப்பட்டது) அதிகம் ஆடுவது அங்கேதான்.